பேச்சும் ஓவியமும் விளம்பரமும் நம்மை எப்படி இணங்க வைக்கின்றன: படிப்படியாக ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பேச்சையோ விளம்பரத்தையோ ஆராயச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் உடனே உத்திகளின் பெயர்களை அடுக்கத் தொடங்குகிறோம். இங்கே உவமை, அங்கே எதுகை, மூன்றாம் வரியில் அடுக்குத்தொடர். அணிகளை அடையாளம் காட்டி மதிப்பெண் வாங்கிய பழக்கம் அது. பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்த உவமை கேட்டவரை எந்தப் பக்கம் நகர்த்தியது? அது இல்லாமல் போயிருந்தால் பேச்சு எங்கே தளர்ந்திருக்கும்? சொன்னது சரிதானா என்று பார்த்துக்கொள்ளக் கேட்டவருக்கு வழி இருந்ததா?

இந்தக் கடைசிக் கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பிறரை இணங்க வைப்பது தன்னளவில் குற்றமல்ல. நீதி கேட்பவரும் அதைத்தான் செய்கிறார், ஏமாற்றுபவரும் அதைத்தான் செய்கிறார், இருவர் கையிலும் இருப்பவை ஒரே கருவிகள். சோதித்துப் பார்க்க நமக்கு இடம் விடுகிறார்களா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

மூன்று எடுத்துக்காட்டுகளோடு போவோம். ஒன்று, சிலப்பதிகாரத்தில் ஒரே சிலம்பை முன்வைத்து நடக்கும் இரண்டு பேச்சுகள். இரண்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனைப் பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டாவிட் 1801-இல் வரைந்த ஓவியம். மூன்று, நம் நாளிதழ்களின் முதல் பக்கத்தை மூடிக்கொண்டு வரும் நகைக்கடை விளம்பரம். நீங்கள் ஆராய விரும்பும் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் அதில் செய்துபாருங்கள்.

படி 1: வேண்டுகோளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், யாரிடம், எதைச் செய்யும்படி அல்லது நம்பும்படி கேட்கிறார்? இதை ஒரு வாக்கியத்தில் எழுத முடியாதவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களிடம் கோவலனைக் கொல்லக் கேட்கிறான். வழக்குரை காதையில் கண்ணகி, தீர்ப்பு தவறு என்று பாண்டியனே ஒப்புக்கொள்ளக் கேட்கிறாள். டாவிட்டின் ஓவியம், இந்த மனிதரை உலகம் கண்ட பெரும் படைத்தலைவர்களின் வரிசையில் வைக்கக் கேட்கிறது. நகைக்கடை விளம்பரத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அது நகை வாங்கச் சொல்கிறது என்று எழுதத் தோன்றும். கூர்ந்து படித்தால், ‘இந்த வாரத்துக்குள் எங்கள் கடைக்குள் வந்துவிடுங்கள்’ என்பதுதான் அதன் வேண்டுகோள். மீதியைக் கடையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் விளம்பரத்தில் விலை ஏன் முழுதாக இல்லை என்பது தானாகவே விளங்கும்.

பொதுயுகத்துக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பேச்சுகளை மூன்றாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி வழக்குமன்றத்தில் பேசுவது, இனிச் செய்யவேண்டியதைப் பற்றி அவையில் பேசுவது, ஒருவரைப் புகழவோ பழிக்கவோ பேசுவது. கண்ணகியுடையது முதல் வகை. விளம்பரம் இரண்டாம் வகை, ஓவியம் மூன்றாம் வகை. எந்த வகை என்று தெரிந்தால் எந்த விதமான சான்றை எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். நடந்ததைப் பற்றிய பேச்சுக்குத் தடயம் வேண்டும். புகழுரையில் யாரும் தடயம் கேட்பதில்லை, அதன் பலமும் ஆபத்தும் அதுவே.

படி 2: கருத்துச் சொல்லாமல், இருப்பதை மட்டும் எழுதுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓவியத்தை முதல்முறை பார்த்ததும் ‘வீரம்’ என்று எழுதிவிடுவார்கள். வீரம் என்பது நீங்கள் அடைந்த முடிவு, சுவரில் இருப்பது துணியும் வண்ணமும்தான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்.

முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. அதன் கண் விரிந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. மேலே அமர்ந்தவரின் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. அவர் பாதையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். வலக்கை மேல்நோக்கி நீண்டிருக்கிறது. காற்றில் போர்வை அவர் போகும் திசையிலேயே பறக்கிறது. மலைச்சரிவும் அதே சாய்வில் ஏறுகிறது. பின்னால், குதிரையின் கால்களுக்கிடையே தெரியும் அளவுக்குச் சிறியவர்களாகப் படைவீரர்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கீழே பாறையில் மூன்று பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன: நெப்போலியனின் குடும்பப் பெயரான போனபார்ட், அவருக்கு முன்பே படையோடு ஆல்ப்ஸைக் கடந்த ஹனிபல், சார்லமேனைக் குறிக்கும் கரோலஸ் மாக்னஸ். முதல் பெயர் தெளிவாகவும் மற்ற இரண்டும் தேய்ந்தும் தெரிகின்றன.

இவ்வளவும் எழுதிய பிறகு ‘வீரம்’ எப்படிக் கட்டப்பட்டது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மிரளும் குதிரைக்கும் அமைதியான முகத்துக்கும் உள்ள முரண்தான் ஓவியத்தின் மையம். கலங்கும் நாட்டை அடக்கி ஆளத் தெரிந்தவர் என்று வாயால் சொல்லவேண்டிய தேவையே இல்லை. சீறும் குதிரைமேல் அமைதியாக இருப்பதுபோல் தன்னை வரையவேண்டும் என்று நெப்போலியனே கேட்டதாகப் பதிவு இருக்கிறது.

நாளிதழ் விளம்பரத்தையும் இப்படியே அளவெடுங்கள். எழுத்துகளில் எது மிகப் பெரியது, எது மிகச் சிறியது என்று வரிசைப்படுத்துங்கள். மணப்பெண் எங்கே பார்க்கிறாள், பின்னால் நிற்கும் அப்பாவின் கை எங்கே இருக்கிறது, உடுக்குறி (*) எந்தச் சொல்லின் தோளில் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள்

ஒரே சொல் வேறொரு வேளையில் சொல்லப்பட்டால் எடுபடாமல் போயிருக்கும். பொற்கொல்லன் பாண்டியனைப் பிடித்த வேளையைப் பாருங்கள். ஊடல் கொண்டு போன கோப்பெருந்தேவியைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். அவளுடைய சிலம்பு காணாமல் போயிருக்கிறது. திருடியவன் இந்தக் கொல்லனே. அப்போது வந்து விழுந்து, ‘சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான்’ என்கிறான். அரசனுக்கு அந்த நொடியில் எது தேவையோ அதையே கொண்டுவந்து நீட்டுகிறான். விசாரித்தால் நேரமாகும், நம்பினால் தேவிக்குச் சிலம்பு கிடைக்கும். அரசன் நம்புகிறான்.

அட்சய திருதியைக்கு முந்தைய வாரத்தில் வரும் விளம்பரங்களும் முகூர்த்த மாதங்களின் விளம்பரங்களும் இதே கணக்கில்தான் வருகின்றன. ‘மூன்று நாள் மட்டும்’ என்ற வரி, யோசிக்கும் நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அவசரம் இருக்கும் இடத்தில் அந்த அவசரம் யாருடையது என்று கேளுங்கள்.

படி 4: ஆள், உணர்ச்சி, வாதம்

அரிஸ்டாட்டில் காட்டிய மூன்று வழிகள் இன்றும் பயன்படுகின்றன: பேசுபவரின் நம்பகம், கேட்பவரிடம் எழுப்பப்படும் உணர்ச்சி, வாதத்தின் அமைப்பு. ஈதோஸ், பாத்தோஸ், லோகோஸ் என்று பாடநூல்கள் சொல்பவை இவையே. இவற்றுக்குத் தனித்தனிப் பெட்டி போட்டு வரிகளைப் பிரித்துப் போடவேண்டாம். நல்ல பேச்சில் ஒரே வரி மூன்று வேலைகளையும் செய்யும்.

பொற்கொல்லனின் பேச்சையே எடுத்துக்கொள்வோம். கோவலனைப் பார்த்ததும் காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். கொல்லன் உடனே களவு நூல் அறிந்தவனாக மாறிவிடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறான். இந்த அடுக்கு அவனுக்கு நிபுணர் என்ற தகுதியைத் தருகிறது. இந்தக் கள்வனின் மருந்துக்கு மயங்கினால் அரசனின் தண்டனைக்கு நீங்கள்தான் ஆளாவீர்கள் என்று இடையிலேயே அச்சத்தையும் ஏற்றுகிறான். பிறகு ஒரு கதை: பகலில் தூதன் வேடத்தில் வாயிலில் இருந்து, இரவில் பெண் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்து இளவரசன் அணிந்திருந்த ஆரத்தைக் கவர்ந்த கள்வன். கதையில் வரும் கள்வனுக்கும் முன்னால் நிற்கும் கோவலனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கதை முடியும்போது காவலர்களின் மனத்தில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இதில் வாதம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை மிகக் கூர்ந்து பார்க்கவேண்டும். தேர்ந்த கள்வன் கள்வனாகவே தெரியமாட்டான் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அப்படியென்றால் கோவலன் நல்லவனாகத் தெரிவதே அவனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. கெட்டவனாகத் தெரிந்தாலும் குற்றவாளி, நல்லவனாகத் தெரிந்தாலும் குற்றவாளி. எந்தச் சான்றும் எதிராகப் போகமுடியாதபடி கட்டப்பட்ட வாதத்தை எங்கே கண்டாலும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சதிக் கதைகள் பலவும் இதே அமைப்பில்தான் ஓடுகின்றன.

கண்ணகியிடமும் இந்த மூன்றும் இருக்கின்றன. கையில் ஒற்றைச் சிலம்போடு, கண்ணீரோடு வந்து நிற்கும் தோற்றமே பாதிப் பேச்சு. ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்ற முதல் வரியே குற்றச்சாட்டு: நீ ஆராயவில்லை. பெயரைச் சொல்வதற்கு முன் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன்னைத் தந்த அரசனும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனும் ஆண்ட புகார். பிறகு குடியின் பெயர், கணவனின் பெயர், கடைசியில்தான் ‘கண்ணகி என்பது என் பெயரே’. யாரும் அறியாத ஒரு பெண் அரசவையில் தனக்கு நிற்க ஓர் இடத்தை இப்படி ஒவ்வொரு வரியாகக் கட்டிக்கொள்கிறாள்.

படி 5: சொல்லாமல் விட்ட வரியை நீங்கள் எழுதுங்கள்

இணங்க வைக்கும் பேச்சில் மிக வலிய வரி பெரும்பாலும் பக்கத்தில் இருக்காது. கேட்பவரே அதை மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார், தானே கண்டுபிடித்ததுபோல் நம்பவும் செய்வார். அதனால் அந்த வரியை வெளியே எடுத்து எழுதிப் பார்ப்பது ஆராய்ச்சியில் பெரிய திருப்பம்.

கண்ணகி சோழ அரசர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு ‘நீ அப்படி இல்லை’ என்று முடிக்கவில்லை. அந்த வரியைப் பாண்டியனே தன் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுடைய பதிலிலும் விட்டுப்போன வரி உண்டு. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை அல்ல என்கிறான். விதி சரி. ‘கோவலன் கள்வன்’ என்ற வரி மட்டும் நிறுவப்படாமலே உள்ளே நுழைந்துவிட்டது. கண்ணகி விதியோடு சண்டை போடவில்லை, நேராக அந்த விடுபட்ட வரியைத் தொடுகிறாள்.

விளம்பரத்தில் மணப்பெண்ணின் படத்துக்கும் கடையின் பெயருக்கும் நடுவே எழுதப்படாத வரி என்ன? ‘மகள்மேல் பாசம் உள்ள அப்பா தங்கம் போடுவார்.’ அதை அப்படியே அச்சடித்தால் படிப்பவர்கள் கோபப்படுவார்கள். படமாக வரும்போது கண் கலங்குகிறார்கள். வாக்கியமாகச் சொன்னால் நிற்காத கருத்தைப் படம் சுமந்துகொண்டு போகிறது என்றால், அந்தப் படத்துக்கு அங்கே என்ன வேலை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி 6: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

ஒரு சொல்லை, நிறத்தை, ஆளை மாற்றினால் விளைவு மாறுகிறதா? மாறினால் அதுதான் பாரம் தாங்கும் இடம். மாறாவிட்டால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதவேண்டியதில்லை.

டாவிட்டின் ஓவியத்துக்கு இந்தச் சோதனையை வரலாறே செய்துகொடுத்திருக்கிறது. 1800 மே மாதம் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயை நெப்போலியன் கடந்தது கோவேறு கழுதைமேல், உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு. படையின் பெரும்பகுதி முன்பே கடந்துவிட்டிருந்தது. இன்னொரு பிரெஞ்சு ஓவியரான போல் டெலரோஷ் 1850-இல் இதையே வரைந்தார். சாம்பல் நிற மேலங்கி, களைத்த முகம், தலை தாழ்ந்த கழுதை, அதைப் பிடித்து நடக்கும் வழிகாட்டி. குதிரை கழுதையானதும் ‘ஆணையிடுபவர்’ என்பது ‘தாங்கிக்கொள்பவர்’ என்று மாறிவிடுகிறது. டெலரோஷின் ஓவியம் உண்மை, டாவிட்டுடையது பொய் என்று இத்தோடு முடித்துவிடக்கூடாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வரைந்த அவரும் நேரில் கண்டவரல்லர். அலங்காரமில்லாத தோற்றமும் நம்மை நம்ப வைக்கும் ஒரு வழிதான். எளிமையாகப் பேசுபவரிடம் நாம் கணக்குக் கேட்பது குறைவு.

டாவிட்டும் சான்றைப் பற்றிக் கவலைப்படாதவரல்லர். நெப்போலியன் அமர்ந்து காட்ட மறுத்தபோது, மாரெங்கோ போரில் அவர் அணிந்த சீருடையையும் தொப்பியையும் வாங்கி வைத்து வரைந்தார். பொத்தான் வரை சரியாக இருக்கும் உடை, குதிரைக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறது. சின்ன விவரங்களின் துல்லியம் பெரிய கூற்றுக்குத் துணை போகும் இந்த முறையை விளம்பரங்களிலும் தேடுங்கள்.

சொல்லிலும் மாற்றிப் பாருங்கள். ‘என் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) மாணிக்கம்’ என்று சொல்லும் இடத்தில் கண்ணகி பாண்டியனைக் ‘கொற்கை வேந்தே’ என்று அழைக்கிறாள். கூடல் வேந்தே, வைகை வேந்தே என்று வைத்துப் பாருங்கள். வரி நிற்கும், ஆனால் ஒன்று போய்விடும். கொற்கை முத்துக் குளிக்கும் துறை. அடுத்த மூச்சில் அரசன் சொல்லப்போவது ‘எம்முடைய சிலம்பின் பரல் முத்து’ என்பது. அவனுடைய பதில் அவள் விளித்த விளியிலேயே காத்திருக்கிறது. எனக்குத் தமிழில் மிகப் பிடித்த வழக்காடல் இது.

படி 7: சோதித்துப் பார்க்க இடம் விடுகிறதா?

பொற்கொல்லன் சிலம்பின் வேலைப்பாட்டை விளக்குகிறான். ஆனால் அதன் உள்ளே இருப்பதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவேண்டும் என்ற எண்ணமே வராதபடி கள்வர் கதைகளால் நேரத்தை நிரப்புகிறான். கண்ணகி, தோற்றுப்போகக்கூடிய ஒரு கூற்றை முன்வைக்கிறாள். பரல் முத்தாக இருந்தால் அவள் வழக்கு அங்கேயே முடிந்தது. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு அரசனின் காவலில் இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொல்பவனும் அரசனே. உடைக்கிறாள், அரசனின் வாயருகே மாணிக்கம் தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற வரி அவள் அழுகையால் மட்டும் பிறக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு நகை விளம்பரத்துக்குத் திரும்பினால் ஒரே பக்கத்தில் இரண்டு விதமான கூற்றுகள் கலந்திருப்பது தெரியும். தங்கத்தின் தூய்மைக்குச் சான்றாக நகையில் பொறிக்கும் ஹால்மார்க் முத்திரை சோதிக்கக்கூடிய கூற்று. 916 என்றால் 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்கத் தனிக் குறியீடு இருக்கவேண்டும், அதை இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ‘சேதாரம் 4% முதல்’ என்பது வேறு வகை. இதில் பாரம் முழுவதும் ‘முதல்’ என்ற சிறிய சொல்லில் இருக்கிறது. கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 4% என்றால் 3,200 ரூபாய். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலைப்பாட்டுக்கு அது 14% என்றால் 11,200 ரூபாய். ஒரு பவுனில் 8,000 ரூபாய் வேறுபாடு, அதன்மேல் 3% ஜிஎஸ்டி வேறு. விளம்பரம் பொய் சொல்லவில்லை. நீங்கள் சரிபார்க்கக்கூடிய புள்ளியைக் கடைக்கு உள்ளே தள்ளிவைத்திருக்கிறது. ‘பாரம்பரியம்’, ‘நம்பிக்கை’ போன்ற சொற்கள் மூன்றாம் வகை. அவற்றை எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

உடுக்குறியின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை இந்தப் படியில் முழுதாகப் படியுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், அப்படிப்பட்ட நிபந்தனைக் குறிப்பு முதன்மைக் கூற்றுக்கு முரணாக இருக்கக்கூடாது, கூற்று எந்த மொழியிலோ அதே மொழியில் இருக்கவேண்டும் என்கின்றன. தமிழில் பெரிதாகக் கூற்றும் ஆங்கிலத்தில் பொடியாக நிபந்தனையும் இருந்தால் அது உங்கள் ஆய்வுக்குக் குறிப்பு, புகாருக்கும் காரணம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஓவியத்துக்கு இதே அளவுகோலை அப்படியே வைப்பது நியாயமாகாது. புகழோவியம் வழக்குரை அல்ல. ஆனாலும் அதே ஓவியம் பாடநூலில் ‘நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தபோது’ என்ற குறிப்போடு அச்சாகும்போது அது தடயம்போல் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அங்கே கேள்வி கேட்கவேண்டியது ஓவியரை அல்ல, குறிப்பு எழுதியவரை.

படி 8: எழுதும் முறை

குறிப்புகள் சேர்ந்ததும், படிகளின் வரிசையிலேயே கட்டுரையை எழுதிவிடாதீர்கள். படி 6-இல் நீங்கள் கண்ட பாரம் தாங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று இருக்கவேண்டும்: பக்கத்தில் என்ன இருக்கிறது, அது யாரிடம் எந்த விளைவை உண்டாக்குகிறது, எதனால் அப்படிச் சொல்கிறீர்கள். ‘இங்கு உணர்ச்சி உத்தி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மணப்பெண் நம்மைப் பார்க்கவில்லை, குனிந்திருக்கிறாள். நம்மைப் பார்ப்பவர் அப்பா. அதனால் இந்தப் படம் பேசுவது நகை அணிபவளிடம் அல்ல, பணம் கொடுப்பவரிடம். விலை பற்றிய வரி அவருடைய கையருகே அச்சாகியிருப்பதும் இதனால்தான்.’

‘விளம்பரதாரர் ஏமாற்ற நினைத்தார்’ போன்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். எண்ணத்தை நீங்கள் பார்க்கவில்லை, பக்கத்தைத்தான் பார்த்தீர்கள். ‘இந்த அமைப்பு படிப்பவரை இப்படி நினைக்க வைக்கிறது’ என்றால் அதற்குச் சான்று காட்ட முடியும்.

முடித்ததும், உங்களுக்குப் பிடித்த தலைவரின் பேச்சு ஒன்றையோ நீங்கள் முழுமனத்தோடு ஆதரிக்கும் இயக்கத்தின் துண்டறிக்கையையோ எடுத்து இதே எட்டுப் படிகளையும் செய்யுங்கள். எதிர்த்தரப்பின் பேச்சில் சொல்லாமல் விட்ட வரி நமக்கு உடனே தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பேச்சில் அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்தாம் படியில் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். இயன்றால் மாற்றுக் கருத்துள்ள நண்பர் ஒருவரிடமும் அதே துண்டறிக்கையைக் கொடுத்து, அவர் எழுதிய விடுபட்ட வரியையும் நீங்கள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.